சுண்டுவிரல் பக்கத்துக் குழாய்

இடது கையில் வளையல் போடக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று ஜெபசீலிக்குச் சொன்ன முதல் விதி இதுதான். வாட்ச் கூடாது, மருதாணி கூடாது, கொசு கடித்தால் சொறியக்கூடாது. தலைவலிக்கு மாத்திரை போடக்கூடாது, மாத்திரைக்குத் தலை வேறு கை வேறு என்று தெரியாது, இரண்டையும் சேர்த்தே மரக்கடித்துவிடும். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அந்தக் கை ஒரு விமானத்துக்கு வாடகைக்குப் போயிருந்தது. வீட்டை வாடகைக்கு விட்டவர்களாவது எப்போதாவது போய், குடியிருப்பவன் சுவரில் ஆணி அடித்திருக்கிறானா என்று எட்டிப் பார்க்கலாம். அவளுக்கு அந்த விமானத்தைக் காட்டியதே இல்லை.

தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் இரண்டு மாடிகளில் அவள் வேலை பார்த்த நிலையம் இருந்தது. ஆளுக்கு ஒரு சின்ன அறை, குளிர்சாதனம், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி. வேலைக்கு நிறுவனம் வைத்திருந்த பெயர் உணர்வுக் கண்காணிப்பாளர். தெருவில் அவளை பிளேன் அக்கா என்றார்கள்.

என்ன வேலை என்று அவள் கடைசியாக விளக்கிச் சொன்னது, சாயர்புரத்திலிருந்து ஒரு வாத்தியாருக்காகப் பெண் பார்க்க வந்தவர்களிடம். வாத்தியாரின் அக்காள் கெட்டிக்காரி, ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"பிளேன்ல எண்ணெய், தண்ணி, பிரேக்குக்குப் போற திரவம், இதுக்கெல்லாம் நெறைய குழாய் ஓடும். அந்தக் குழாய் மேல தோல் மாதிரி ஒண்ணு சுத்தியிருக்காவ. அதுல என்ன பட்டாலும் எனக்கு இந்தக் கையில தெரியும்," என்றாள் ஜெபசீலி.

"அதுக்கு ஒரு மிஷின வைக்கப்பிடாதாக்கும்?"

"வச்சுப் பாத்தாவளாம். அது எல்லாத்துக்கும் கத்தும். சும்மா சும்மா கத்துனா பைலட்டு என்ன செய்வாரு, அத அமத்திப் போட்டுட்டு ஓட்டியிருக்காரு. எது அரிப்பு, எது வலின்னு மனுஷ ஒடம்புக்குத்தான தெரியும்."

"அப்ப அங்க ஒழுகுனா ஒங்களுக்கு வலிக்குமா?"

"வலிக்கும். ஒடனே எந்த எடம்னு சொல்லிருவேன். எறங்குன ஒடனே பாத்துருவாவ."

அக்காள் தம்பியைப் பார்த்தாள், தம்பி தரையைப் பார்த்தார்.

"நாளைக்கு ஒரு புள்ள பொறந்தா, இந்தக் கையில தூக்கலாமா?"

"தூக்கலாம்," என்றாள் ஜெபசீலி. "அந்த நேரம் பிளேன் பறக்காம இருக்கணும்."

அவள் அதை நகைச்சுவையாகத்தான் சொன்னாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, ஜெபித்துவிட்டு, நல்ல முடிவாகச் சொல்கிறோம் என்று போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். நாசரேத்தில் இருக்கும் தங்கை கிருபா தன் பிள்ளைகளிடம், பெரியம்மாவின் இடது பக்கம் போகாதீர்கள் என்று சொல்லி வளர்த்தாள். அவள் போகும்போதெல்லாம் பிள்ளைகள் வலது பக்கமாக வந்து, கையைக் கட்டிக்கொண்டு தோத்திரம் சொல்லும். நல்ல பிள்ளைகள். கிருபாவின் வீட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரும், எதற்கென்று யோசிப்பதற்குள் தூத்துக்குடி வந்துவிடும்.

ஆனாலும் அவளை யாருமே தொடவில்லை என்று சொல்வதற்கில்லை.

விமானம் வாரத்தில் ஒரு முறை பணிமனைக்குள் போகும். அன்றைக்கு ஒரு கை வரும். அது எந்த ஊர்ப் பணிமனை, யாருடைய கை, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. முதலில் பழைய துணியால் மணிக்கட்டிலிருந்து மேலே துடைத்துக்கொண்டு போகும். பிறகு கழற்றும். புதுக் குழாய் போடுவதென்றால் இழுத்துக் கட்டாது. அழுத்தம் ஏறும்போது குழாய் கொஞ்சம் குறுகும், குறுகுவதற்கு இடம் விட்டுத்தான் நீளம் தேர்ந்தெடுக்கும். நட்டை முதலில் வெறும் விரலால் சுற்றும், மரை பிசகாமல் ஏறுகிறதா என்று பார்க்கும். அதற்குப் பிறகுதான் ஸ்பானர். ஒரு ஸ்பானர் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள, இன்னொன்று திருகும். திருகும்போது வலிக்கும், உண்மைதான், ஆனால் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நின்றுவிடும். எல்லாம் முடிந்ததும் துணியால் இன்னொரு முறை துடைத்துவிட்டு, இரண்டு விரலை இணைப்பின் மேல் வைத்து, கசிவு இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கும்.

ஆண் கை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். நடுவயது. ஆள்காட்டி விரலில் ஒரு காய்ப்பு. அவசரப்படாதவர். வேறு யாரும் இல்லாத இடத்தில் வேலை செய்பவர், ஏனென்றால் நடுவில் யாரும் கூப்பிட்டு அவர் கையை நிறுத்துவதே இல்லை. அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அந்தக் கை வரும் நாளுக்கு முந்தின நாள் அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாள், மறுநாள் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டுவாள். பார்க்க ஆளில்லாத அறைக்குள் பட்டுக்கரைச் சேலை கட்டி உட்கார்ந்திருப்பவளைப் பைத்தியம் என்று சொல்லலாம்தான். சொல்வதற்கும் அங்கே ஆளில்லை.

ஒருமுறை மேற்பார்வையாளர் சங்கரகோமதியிடம் கேட்டுவிட்டாள். திருநெல்வேலிக்காரி, கண்டிப்பானவள், ஆனால் உட்கார்ந்து பேசினால் பேசுவாள்.

"மேடம், அந்த ஃபிட்டருக்கு நான் இருக்கது தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது."

"ஏன்?"

"ரெண்டு காரணம் இருக்கு. உனக்கு அவர் யாருன்னு தெரிஞ்சா எரக்கம் வரும். எரக்கம் வந்தா தப்ப மறைப்ப. அது ஒண்ணு." சங்கரகோமதி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மொதல்ல ஃபிட்டர்மாருக்கு எல்லாம் தெரியும், அந்தப் பக்கம் ஒரு மனுஷி ஒக்காந்திருக்கான்னு. என்ன செஞ்சாவ தெரியுமா? வலிக்குமேன்னு நட்ட முழுசா முறுக்காம விட்டுட்டாவ. நல்ல அனுபவம் உள்ள ஆளுங்கதான், குழந்தைக்குச் சட்ட போட்டு விடுத மாதிரி முறுக்கியிருக்காவ. ஒரு பிளேன் ரன்வேல எண்ணெயக் கொட்டிட்டு நின்னுச்சு. அதுக்கப்புறம் ஆளுக்குப் பதிலா மிஷின மாத்தியாச்சு, இனிமே அந்தப் பக்கம் ஆள் கெடையாதுன்னு சொல்லிட்டோம். இப்ப ஒழுங்கா முறுக்குதாவ."

"நம்பிட்டாவளா?"

"நம்பாம? சம்பளம் குடுக்கவன் சொன்னா நம்பித்தான ஆகணும்."

எல்லா நாளும் மாலையில் சங்கரகோமதி ஒவ்வொரு அறையாகத் தொலைபேசியில் கூப்பிடுவாள். கைக்கு ஒன்றும் இல்லையென்றால் சுகம் என்று சொல்ல வேண்டும். இருந்தால் எந்த இடம், எந்த மாதிரி என்று சொல்ல வேண்டும். ஜெபசீலி இத்தனை வருஷத்தில் சொன்ன குறைகள் எல்லாமே நிஜம். ஒருமுறை, குழாயைப் பிடித்திருக்கும் கவ்விக்குள் இருக்க வேண்டிய ரப்பர் மெத்தை தேய்ந்து உலோகம் உரசுகிறது என்று, ஒழுகுவதற்கு முன்னாலேயே சொல்லிப் பெயர் வாங்கியவள். அவளைப் பற்றி நிறுவனத்தில் நல்ல பேச்சு இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் சுண்டுவிரல் பக்கம் அந்த முறுக்கு வந்தது.

அது விமானத்தின் சமையல்கட்டுத் தொட்டியிலிருந்து கழிவுநீர் இறங்கும் வளைகுழாய். உயிரை எடுக்கிற குழாய் ஒன்றும் கிடையாது, அழுத்தமே இல்லாதது. அன்றைக்கு அந்தக் கை வந்து அதைக் கழற்றிற்று, திருப்பி மாட்டிற்று, துடைத்தது, இரண்டு விரலை வைத்தது, போய்விட்டது. போன பிறகு பார்த்தால் சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு நரம்பைப் பிடித்துத் திருகி வைத்தது போல் இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. உறுத்தல்.

பயிற்சியில் அவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். வளைகுழாயின் மேல் நீளவாக்கில் ஒரு கோடு அச்சடித்திருக்கும். மாட்டிய பிறகு கோடு நேராக ஓடினால் சரி. கோடு குழாயைச் சுற்றிக்கொண்டு ஓடினால் குழாய் முறுக்கியிருக்கிறது. அழுத்தக் குழாயில் அப்படி முறுக்கி மாட்டினால், அழுத்தம் ஏறும்போது குழாய் முறுக்கவிழப் பார்க்கும், நட்டு தளரும். புதிதாக வேலைக்கு வந்தவன்கூடக் கோட்டைப் பார்க்காமல் விடமாட்டான். இவர் விட்டிருக்கிறார்.

கண் போய்விட்டது என்று ஜெபசீலி நினைத்தாள். வேறென்ன நினைக்க? வயதாகிறது, கண் மங்குகிறது, வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று மறைக்கிறார். அவள் மனதுக்குள் அவருக்கு ஒரு கண்ணாடியும் போட்டுப் பார்த்தாள்.

மாலையில் தொலைபேசி அடித்தது.

"ஜெபா?"

"சுகம் மேடம்," என்றாள்.

சொல்லிவிட்டு ரொம்ப நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சொல்லியிருந்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். விசாரிப்பார்கள், கண்ணைச் சோதிப்பார்கள், அவரை அனுப்பிவிட்டு வேறு ஆள் போடுவார்கள். பிறகு வாரத்தில் ஒரு நாள்கூட அவளுக்கு இல்லை. மாட்டிய குழாய் கழிவுநீர்க் குழாய்தானே, ஒழுகினால் கொஞ்சம் எச்சில் தண்ணீர், யார் செத்துப்போவார்கள் என்று ஒரு மனது சொன்னது. இன்றைக்குக் கழிவுநீர், நாளைக்குப் பிரேக் குழாய் என்று இன்னொரு மனது சொன்னது.

அடுத்த வாரம் அந்தக் கை வந்தது. சுண்டுவிரல் பக்கம் போய், குழாயைத் தொட்டுப் பார்த்தது. அவள், பாருங்க, கோட்டப் பாருங்க என்று சத்தமாகவே சொன்னாள். கை சும்மா தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டது. முறுக்கு அப்படியே இருந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான், தொட்டது, கொஞ்சம் நின்றது, போய்விட்டது. மற்ற குழாய்களிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. பிரேக் குழாயின் இணைப்பை எப்போதையும்விடப் பொறுமையாகவே முறுக்கினார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபசீலி அந்த நாட்களை ஓட்டினாள். பிரேக் பக்கம் ஒரு நூல் பிசகு வந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடுவேன் என்று வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துகொண்டாள்.

ஆனாலும் நிம்மதி இல்லை. ஜவுளிக்கடை வாசலில் நின்று டீ குடிக்கும்போது மேலே விமானம் போனால் அது மறையும்வரை டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். தன்னுடையது எது என்று தெரியாததால், வானத்தில் போகிற எல்லாமே அவளுடையதாக இருந்தது. கிருபா போன் செய்து, கம்பெனிச் செலவில் வீட்டுக்காரர் முதல் தடவையாகப் பிளேனில் போகப்போகிறார் என்று பூரித்தபோது, ரயிலில் போகச் சொல் என்று எரிந்து விழுந்தாள்.

"ஏன்க்கா, ஒனக்குப் பொறாமையா?" என்றாள் கிருபா.

ஜெபசீலி போனை வைத்துவிட்டாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

மாலையானால் சங்கரகோமதி கூப்பிட்டாள். மாலையானால் இவள் சுகம் என்றாள். கடைசியில், இனி முடியாது, வருகிற முறையும் அவர் கவனிக்காவிட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அந்த வாரம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும் தோன்றவில்லை.

அந்த நாள் வந்தது. கை நேராகச் சுண்டுவிரல் பக்கம்தான் வந்தது. வேறெதையும் தொடவில்லை. நட்டைத் தளர்த்தியது. குழாயை மெல்லத் திருப்பி, முறுக்கை எடுத்து, நேராக்கிற்று. விரலால் சுற்றி, ஸ்பானர் வைத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திற்று. உறுத்தல் சட்டென்று போய்விட்டது. பிறகு துணி வந்தது. அந்த ஒரு குழாயை மட்டுமில்லை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எல்லாக் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்தது, தேவையே இல்லாத இடங்களையும். கடைசியில் இரண்டு விரல் மட்டும் இல்லை, உள்ளங்கை முழுவதையும் வைத்தது. வெகுநேரம் எடுக்கவில்லை.

ஜெபசீலி அழுதாள். பார்த்துவிட்டார். கண்ணாடி வாங்கிவிட்டார் போலிருக்கிறது. தப்பைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டு, பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரு தடவை சரிபார்க்கிறார். இனி ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. யாரும் சாகப்போவதில்லை, அவரும் எங்கும் போகப்போவதில்லை. அன்றைக்கு மாலையில் சுகம் என்று அவள் சொன்ன குரலைக் கேட்டு, என்னட்டி, கல்யாணமா என்று சங்கரகோமதி கேட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கிலோ மக்ரூன் வாங்கினாள். மறுநாள் நிலையத்தில் அறை அறையாகப் போய்க் கொடுத்தாள். கிருபாவுக்குப் போன் செய்து, வீட்டுக்காரர் தாராளமாகப் பிளேனில் போகட்டும் என்றாள். கிருபாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சந்தோஷப்பட்டாள்.

சங்கரகோமதி அந்த வாரம் பணிமனைகளைப் பார்வையிடப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்து ஜெபசீலியின் அறைக்குள் நுழைந்தபோது, அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த மக்ரூனை ஜெபசீலி நீட்டினாள். சங்கரகோமதி ஒன்றை வாயில் போட்டு, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"உன் பிளேன் ஃபிட்டர் வேலைய விட்டுட்டாரு. போன ஆளப் பத்திச் சொன்னா தப்பில்லன்னுதான் சொல்லுதேன்."

ஜெபசீலி டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, இன்னொரு முறை அழுத்தினாள்.

"கண்ணுக்காகவா?"

"கண்ணா? கண்ணுக்கு என்ன? நல்லாத்தான் இருக்காரு. செங்கோடன்னு பேரு, திருச்செங்கோட்டுப் பக்கம். பொண்டாட்டி இல்ல, தவறிட்டாவ. அங்க மத்த வேலைக்கெல்லாம் ரோபோ வந்தாச்சு. குழாய் வேலைக்கு மட்டும் இவரு ஒத்தையா அவ்வளவு பெரிய கொட்டாய்க்குள்ள நின்னுக்கிட்டு இருந்திருக்காரு. ஏன் போறீங்கன்னு கேட்டேன். ஒரு கத சொன்னாரு பாரு."

சங்கரகோமதி இரண்டாவது மக்ரூனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவர் பேசியது போலவே சொன்னாள்.

"'மிஷின மாத்தியாச்சுன்னு சொன்னாங்க, நான் நம்பலீங்கம்மா. அந்தப் பக்கம் ஆரோ இருக்காங்கன்னுதான் இத்தன வருசம் வேல செஞ்சனுங்க. வீட்டுல பேச ஆளில்லீங்க, இங்கயும் ஆளில்லீங்க. அவிங்களுக்கு வலிக்கக் கூடாது, நட்டும் தளரக் கூடாதுன்னு பாத்துப் பாத்து முறுக்குவனுங்க. அப்பறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. சரி, பாத்தரலாம்னு அந்தச் சமையக்கட்டுத் தண்ணிக் குழாய மட்டும் முறுக்கி மாட்டி வெச்சனுங்க. ஒழுகாதுங்க, ஆருக்கும் ஒண்ணும் ஆகாதுங்க. மிஷினுக்கு ஒழுகுனாத்தான் தெரியும். ஒழுகாத முறுக்கு மனுசனுக்குத்தானுங்க உறுத்தும். ஆராச்சும் இருந்தா கூப்புட்டுத் திட்டிருப்பாங்கல்ல. வாரா வாரம் போயித் தொட்டுப் பாப்பனுங்க. ஒருத்தரும் கூப்புடலீங்க.'"

ஜெபசீலியின் இடது கை நாற்காலியின் கைப்பிடியில் கிடந்தது. விமானம் அன்றைக்குப் பணிமனைக்குள் வந்திருந்தது. மணிக்கட்டுப் பக்கம் ஒரு நட்டை யாரோ, எதுவோ, ஒரே மூச்சில் முறுக்கிற்று. அளவு சரியாக இருந்தது. துடைக்கவில்லை. அடுத்த நட்டுக்குப் போய்விட்டது.

"அவரு சும்மா சொல்லுதாருன்னு நெனச்சேன்," என்றாள் சங்கரகோமதி. "முறுக்கியிருந்தா நீ சொல்லாம இருப்பியா? ரப்பர் தேஞ்சதையே சொன்ன ஆளு. ஒனக்கு ஒண்ணும் தெரியலல்லா?"

"தெரிஞ்சுது."

சங்கரகோமதி ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"எப்ப இருந்து?"

"மொத நாள்ல இருந்து."

"பின்ன ஏன்ட்டி சொல்லல?"

"சொன்னா அவர அனுப்பிருவீங்கல்லா மேடம்."

வேறொரு நாளாக இருந்தால் சங்கரகோமதி எழுந்து நின்று கத்தியிருப்பாள், அறிக்கை எழுதியிருப்பாள், கையின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லியிருப்பாள். எல்லாவற்றுக்கும் அவளுக்கு அதிகாரம் உண்டு. அவள் கையிலிருந்த மக்ரூனை டப்பாவின் மூடி மேல் வைத்துவிட்டு, முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு நம்பர் இருக்கா?" என்று ஜெபசீலி கேட்டாள்.

"வேலைக்குக் குடுத்த போனத் திருப்பிக் குடுத்துட்டுப் போய்ட்டாரு. ஊருக்கும் போகலயாம். அங்க யாரு இருக்கான்னு கேட்டாராம்."

புதுக் கை இப்போது பிரேக் குழாயில் இருந்தது. அளவு சரியாகத்தான் இருந்தது.

"போம்போது ஒண்ணு கேட்டாரு," என்றாள் சங்கரகோமதி. "'என் கை அந்த மிஷினுக்குப் பழகியிருக்குமுங்களா? வேற கை வந்தா அதுக்கு வித்தியாசம் தெரியுமுங்களா?'ன்னு. நான் என்னத்தச் சொல்ல. விதி இருக்குல்லா. மிஷினுக்கு அதெல்லாம் தெரியாதுய்யான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"தெரியும்," என்றாள் ஜெபசீலி.

சங்கரகோமதி தலையை அசைத்தாள். அந்த நேரம் அவர் எந்த ஊர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாரோ, இரண்டு பேருக்கும் தெரியவில்லை.